வேலி போட்டால் புல்வெளி மீண்டுவிடுமா? மேய்ச்சல் நில மீட்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மேய்ச்சல் நில மீட்புத் திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

நீங்கள் வெளியிட்டுள்ள திட்ட வரைவு, பரந்து கிடக்கும் மேய்ச்சல் நிலம் முழுவதையும் சீரழிந்த காடு என்று ஒரே வரியில் வகைப்படுத்திவிடுகிறது. மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்தே பிறக்கின்றன. ஐந்து ஆண்டுகளுக்கு எந்த மந்தையும் உள்ளே நுழையக்கூடாது, சுற்றிலும் வேலி, வேலிக்குள் வரிசை வரிசையாகக் குழி, குழிக்கு ஒரு மரக்கன்று. மண் எதுவானாலும், மழை எவ்வளவானாலும், இன்று அங்கே நிற்கும் புல் எதுவானாலும் இதே ஏற்பாடுதான். மேய்ச்சலை நீக்கிவிட்டால் தாவர வழிமுறை வளர்ச்சி, அதாவது ஒரு தாவரக் கூட்டம் போய் அடுத்தது வரும் படிப்படியான மாற்றம், தானே நடந்து நிலம் காடாகிவிடும் என்பதுதான் வரைவு சொல்லும் ஒரே காரணம். அந்தக் காரணம் தவறானது. அதை நம்பி வேலி போட்டால், காக்க நினைக்கும் நிலத்தையே நீங்கள் கெடுத்துவிடுவீர்கள்.

நான் மந்தை மேய்க்கும் குடும்பத்தில் வளர்ந்தவன். பிறகு தாவரச் சூழலியல் படித்து, புல்வெளிகளில் எந்த இனம் எவ்வளவு நிற்கிறது, எது கூடுகிறது, எது குறைகிறது என்று பருவந்தோறும் கணக்கெடுப்பதையே தொழிலாகக் கொண்டிருக்கிறேன். குழி வெட்டுவதற்காக இப்போது அடையாளக் கம்பு நட்டிருக்கிறீர்களே, அந்த நிலத்திலும் இந்தக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. வரைவை எழுதும் முன் யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை. அங்கே மேய்ப்பவர்களிடமும் யாரும் பேசவில்லை.

வழிமுறை வளர்ச்சி என்பது கற்பனை என்று நான் சொல்லவில்லை. 1883இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலைத் தீவு வெடித்தபோது தீவில் மிஞ்சிய பகுதி முழுவதும் சாம்பலால் மூடப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து அங்கே போன தாவரவியலாளர், சாம்பலின்மேல் நீலப்பச்சைப்பாசிப் படலத்தையும் பெரணிகளையும் கண்டார். பின்னர் புல் பரவியது. அரை நூற்றாண்டுக்குள் காடு மூடியது. உயிரற்ற பாறையிலோ சாம்பலிலோ தொடங்கும் இதை முதல்நிலை வழிமுறை வளர்ச்சி என்கிறோம். மண்ணும் விதையும் வேரும் மிஞ்சியிருக்கும் இடத்தில், கைவிடப்பட்ட வயலில் அல்லது எரிந்த காட்டில் நடப்பது இரண்டாம் நிலை. கிரக்கத்தோவாவில் மழைக்குக் குறைவில்லை. அருகிலுள்ள தீவுகளில் காடு இருந்தது. காற்றும் கடலும் பறவையும் வௌவாலும் விதையைக் கொண்டுவந்து சேர்த்தன. அங்கே புல் இடையில் வந்து போன ஒரு கட்டம். அந்த ஒரு தீவை வைத்து உலகத்துப் புல்லை எல்லாம் இடைக்கட்டமாகக் கருதிவிட முடியாது.

ஒவ்வொரு தட்பவெப்பப் பகுதிக்கும் ஒரே ஓர் உச்சச் சமுதாயம், அதாவது கடைசியில் வந்து நிலைக்கும் தாவரக் கூட்டம், உண்டு, மற்றவை எல்லாம் அதை நோக்கிச் செல்லும் படிகள் என்ற கொள்கையை 1916இல் விரிவாக முன்வைத்தவர் தாவரச் சூழலியலாளர் ஃபிரெடெரிக் கிளமென்ட்ஸ். உங்கள் வரைவு, பெயர் சொல்லாமல், அந்தக் கொள்கையின் மீதுதான் நிற்கிறது. ஆனால் அதே கிளமென்ட்ஸ், வட அமெரிக்கப் பெருவெளியின் புல்வெளியை அங்குள்ள தட்பவெப்பத்தின் உச்சச் சமுதாயம் என்றே கருதினார். வளராமல் நின்றுவிட்ட காடு என்று கருதவில்லை. 1926இல் இன்னொரு தாவரச் சூழலியலாளர் ஹென்றி கிளீசன் இன்னும் ஒரு படி மேலே போனார்: ஒவ்வொரு தாவர இனமும் தன் தேவைக்கும் தன் விதை வந்து விழும் வாய்ப்புக்கும் ஏற்பத் தனித்தனியே வந்து சேர்கிறது, அந்தக் கூட்டத்துக்கு முன்கூட்டியே எழுதிய முடிவு கிடையாது என்றார். 1935இல் சூழலியலாளர் ஆர்தர் டான்ஸ்லி, தட்பவெப்பம் மட்டுமல்லாமல் மண்ணும் தீயும் மேய்ச்சலும்கூட நிலைத்த சமுதாயங்களை உருவாக்கவல்லவை என்று வாதிட்டார். ஆக, ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கேள்விக்குள்ளான ஒரு கொள்கையை, அதை உருவாக்கியவரே ஒப்பாத ஒரு முடிவுக்கு நீங்கள் பயன்படுத்துகிறீர்கள்.

புல்வெளிகள் நேற்று முளைத்தவை அல்ல. வெப்ப மண்டலப் புல்வெளிகள் விரிந்தது ஏறத்தாழ 80 லட்சம் முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. உழவும் கோடரியும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தீயோடும் மேயும் விலங்குகளோடும் சேர்ந்து உருவான வாழிடம் அது. புல்லின் உடலமைப்பே அதைக் காட்டும். மரக்கன்றின் வளரும் நுனி உச்சியில் இருக்கிறது; ஆடு கடித்தால் போய்விடும். புல்லின் வளர்முனையோ மண்ணை ஒட்டி, இலையடிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. இலையை மேல்பாதியில் கடித்தால் அடியிலிருந்து மீண்டும் நீளும், பக்கத்தூர் வெடிக்கும். பல்லாண்டுப் புல்லில் உயிரின் பெரும்பகுதி மண்ணுக்குக் கீழே இருக்கிறது. பச்சையாகத் தெரியும் தாளை மட்டும் வைத்து நிலத்தின் நலத்தை மதிப்பிடுபவர்கள் பாதியைக்கூடப் பார்ப்பதில்லை.

இனி, வேலி. உங்களுக்கு முன்பே இன்னோர் அலுவலகம் இதே எண்ணத்தில் ஒரு துண்டு நிலத்தை அடைத்தது. முதலில் விளைவு அருமையாக இருந்தது. புல் முழங்காலுக்கு மேல் எழுந்தது, கதிர் விட்டது, விதை கொட்டியது. அப்போது எடுத்த படங்களைத்தான் இன்றைக்கும் கூட்டங்களில் காட்டுகிறார்கள். அதன்பின் அங்கே போய்ப் படம் எடுத்தவர்கள் இல்லை. கணக்கெடுக்கப் போன நான் பார்த்ததைச் சொல்கிறேன். தூரமாக நின்று பார்த்தால் அடர்ந்த புல். கிட்டப் போனால் சாம்பல் நிறம். ஒரு தூரைக் கையால் விலக்கினேன். மேலே சென்ற ஆண்டின் காய்ந்த தாள். அதற்கடியில் அதற்கும் முந்தைய ஆண்டின் கறுத்து மக்காத தாள். அடியில், வெளிச்சமே படாமல் வெளிறிப்போன சில குருத்துகள். தூரின் நடுப்பகுதி செத்துக் கூடாகியிருந்தது; விளிம்பில் மட்டும் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. தூருக்கும் தூருக்கும் இடையில் முன்பு கணக்கில் வந்த சிறு பூண்டுகளும் பயறு வகைச் செடிகளும் காணவில்லை. வேலிக்கு வெளியே, அளவாக மேய்ந்து ஓய்வும் கிடைத்த பகுதியில் அவை அத்தனையும் இருந்தன.

வறண்ட நிலத்தில் பழைய தாள் தானாக மக்குவது அரிது. மழைக்காலம் குறுகியது; நுண்ணுயிர்கள் வேலை செய்ய ஈரம் போதாது. அந்தத் தாளைக் கரைத்து மண்ணுக்குத் திருப்பித் தரும் வேலையை விலங்கின் வயிறு செய்கிறது, அல்லது தீ செய்கிறது. இரண்டையும் தடுத்துவிட்டு ஆண்டுகணக்காகத் தாளைச் சேர்த்தால், ஒருநாள் கோடையில் தீ வரும். அது மெல்லிய தாளில் வேகமாக ஓடிக் கடக்கும் தீயாக இருக்காது. ஓரிடத்தில் நின்று எரிந்து தூரின் அடிவரை வேகவைக்கும் தீயாக இருக்கும். உங்கள் வரைவில் தீ பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பது எனக்கு அச்சம் தருகிறது.

இது ஒரு துண்டு நிலத்தில் நடந்த விபத்து என்று தள்ளிவிட வேண்டாம். ராஜஸ்தானில் பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1982இல் எருமைகளும் மாடுகளும் மேயத் தடை விதிக்கப்பட்டது. அது சதுப்பு நிலம். உங்கள் நிலத்தைப் போன்றதல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். மேய்ந்து கட்டுக்குள் வைத்த விலங்கு போனதும் பாஸ்பலம் புல் மண்டியது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. எந்தப் பறவைகளுக்காகத் தடை போட்டார்களோ அவற்றுக்கே இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு இதைப் பதிவுசெய்திருக்கிறது.

மேய்ச்சலால் கேடே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. மிகையான மேய்ச்சல் நிலத்தைக் கொல்லும். சுற்றிலும் மண் அரித்துப் போய், ஒவ்வொரு புல் தூரும் விரற்கடை உயர மண் திட்டின்மேல் வேர் தெரிய நிற்கும் நிலங்களை நான் அளந்திருக்கிறேன். முதலில் சுவையான பல்லாண்டுப் புற்கள் மறையும். பிறகு விலங்கு அவ்வளவாக விரும்பாத புற்கள் பெருகும். கடைசியில் முன்பு அங்கே இல்லாத களைகளும் முட்புதர்களும் புகும். மேய மேயக் குறைவன, கூடுவன, புதிதாகப் புகுவன என்று இந்த மூன்றையும் பிரித்து, நிலத்தின் நிலையை நான்கு தரமாக மதிப்பிடும் முறையை 1949இல் மேய்ச்சல் நில ஆய்வாளர் டைக்ஸ்டர்ஹியூஸ் வகுத்தார். அந்த முறைக்கும் குறைகள் உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்தியிருந்தால்கூட உங்கள் நிலத்தில் பாதி இன்னும் நல்ல நிலையில் இருப்பது தெரிந்திருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி எத்தனை விலங்கு என்பதோடு முடிவதில்லை. எப்போது மேய்ந்தது, எவ்வளவு நேரம் நின்றது, மறுமுறை வருவதற்குள் புல்லுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்ததா என்பதும் வேண்டும். இலைப்பரப்பில் பாதிக்கு மேல் ஒரே முறையில் போய்விட்டால் வேர் வளர்ச்சி தடைபடுகிறது; பாதியை எடு, பாதியை விடு என்ற மேய்ச்சல் விதி அதிலிருந்து வந்தது. கடிபட்ட புல் முதலில் வேரிலும் அடித்தண்டிலும் சேமித்ததை எடுத்துத்தான் புது இலை விடும். அந்த இலை தன் கடனைத் தீர்க்கும் முன்பே மறுபடி கடிபட்டால் வேர் சுருங்கும். அடுத்த வறட்சியில் அந்தத் தூர் எழாது. ஆகவே முதல் மழைக்குப் பின்வரும் சில வாரங்கள் காக்கப்பட வேண்டும். விதை முற்றும் காலத்தில் பகுதிக்குப் பகுதி மாற்றி ஓய்வு தர வேண்டும். விதை கொட்டியபின் மந்தை உள்ளே வருவதால் கெடுதல் குறைவு, நன்மை அதிகம்: குளம்பு விதையை மண்ணில் அழுத்தும், பழைய தாள் மிதிபட்டு நிலத்தோடு சேரும். ஐந்து ஆண்டு முழுத்தடையில் இந்த நுணுக்கம் எதற்கும் இடமில்லை. ஆறாம் ஆண்டு என்ன செய்வீர்கள் என்பதற்கும் வரைவில் விடை இல்லை. கதவைத் திறந்ததும் பசித்த மந்தைகள் எல்லாம் ஒரே நாளில் உள்ளே வந்தால், ஐந்து ஆண்டுகளில் வந்த கொஞ்சநஞ்சமும் ஒரு பருவத்தில் போய்விடும். அதுவரை அந்த மந்தைகள் எங்கே நிற்கும்? அடைக்காமல் விட்ட மிச்சத் துண்டுகளில் நெருக்கியடித்து நிற்கும். அங்கே மிகை மேய்ச்சலை நீங்களே உண்டாக்குவீர்கள்.

வரைவின் ஆழமான பிழை வேறோர் இடத்தில் இருக்கிறது. நிலம் ஏணிப்படியில் இறங்கியதைப் போலவே திரும்பவும் ஏறிவிடும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். 1989இல் வெஸ்டோபி, வாக்கர், நோய்-மேயர் என்ற சூழலியலாளர்கள் மூவரும் இந்த நம்பிக்கையைத்தான் கேள்விக்கு உள்ளாக்கினார்கள். ஒரு நிலத்துக்குப் பல நிலைகள் இருக்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது சில நேரம் எளிது, திரும்புவது மிகக் கடினம். நடுவில் ஓர் எல்லை உண்டு; அதைத் தாண்டிய நிலம் தானாகத் திரும்பாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 1912இல் தொடங்கப்பட்ட ஹோர்னாடா ஆய்வு நிலத்தில் பல்லாண்டுப் புல்வெளி முட்புதர் நிலமாக மாறியது. வேலியடைத்துக் கால்நடையை விலக்கிய துண்டுகளிலும் புதர் பரவிக்கொண்டே போனது. காரணம் எளிது. புல் போனதும் மழைநீர் மண்ணில் இறங்காமல் ஓடுகிறது. மேல்மண்ணும் சத்தும் புதரின் அடியில் திட்டுத்திட்டாகச் சேர்கின்றன. இடைவெளியில் விழும் புல் விதைக்கு ஈரமும் இல்லை, சத்தும் இல்லை. கேடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் நிலை அது. குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள பன்னிப் புல்வெளியில் 1960களில் நட்டுப் பரப்பிய சீமைக்கருவேலம் எவ்வளவு நிலத்தைத் தின்றது என்பதை அங்குள்ள மேய்ப்பர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த எல்லையைத் தாண்டிய இடத்தில் மந்தையை விலக்குவது மட்டும் எதையும் மீட்காது. புதரை வேரோடு அகற்ற வேண்டும், ஓடும் நீரைத் தடுக்க வேண்டும், உள்ளூர்ப் புல் விதையைத் தூவ வேண்டும். எல்லையைத் தாண்டாத இடத்திலோ, அளவான மேய்ச்சலும் ஓய்வுமே போதும். இரண்டுக்கும் ஒரே மருந்தை எழுதியிருக்கிறீர்கள்.

மழை மிகவும் ஏறியிறங்கும் வறண்ட நிலங்களுக்கு இன்னொரு சிக்கல். வரைவின் இணைப்பில் ஓர் ஏக்கருக்கு இத்தனை ஆடு என்று ஒரே தாங்குதிறன் எண் தந்திருக்கிறீர்கள். கென்யாவின் துர்கானா பகுதியில் எல்லிஸ், ஸ்விஃப்ட் என்ற ஆய்வாளர்கள் செய்து 1988இல் வெளிவந்த ஆய்வு, இத்தகைய நிலங்களில் புல்லின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது மழையே, கால்நடை எண்ணிக்கை அல்ல என்று காட்டியது. நல்ல ஆண்டில் அந்த எண் வீணான கட்டுப்பாடு. பஞ்ச ஆண்டில் அதுவே அளவுக்கு மிஞ்சிய அனுமதி. மேய்ப்பவர்கள் இதற்குக் கண்ட வழி இடம்பெயர்தல். மழை எங்கே பெய்ததோ அங்கே போவார்கள். பெய்யாத நிலம் தானே ஓய்வெடுக்கும். நீங்கள் போடும் வேலி வெட்டப்போவது அந்த வழிகளைத்தான்.

மரம் நடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெயில் விரும்பும் புல் நிழலில் நிற்காது. குழி வெட்டும்போதே பல்லாண்டுத் தூர்களின் வேர் அறுபடும்; உழுதோ தோண்டியோ அழித்த பழம்புல்வெளி தன் இனவளத்தோடு திரும்பப் பல பத்தாண்டுகளும் போதாமல் போகலாம். கரிமச் சேமிப்பைக் காரணம் காட்டுகிறீர்கள். புல்வெளியின் கரிமத்தில் பெரும்பங்கு ஏற்கெனவே மண்ணுக்குள், தீயும் வறட்சியும் எளிதில் தொடாத இடத்தில் இருக்கிறது. தண்ணீர் பெருகும் என்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவின் கதீட்ரல் பீக் பகுதியில் புல்வெளி நீர்ப்பிடிப்பில் பைன் மரம் நட்டபின் ஓடைநீர் குறைந்ததையே நீண்டகால அளவீடு காட்டியது. மரம் இருந்து அழிந்த இடத்தில் மரம் நடுங்கள். முதல் ஆளாக வந்து குழி வெட்டுகிறேன். புல் இருக்கும் இடத்தில் வேண்டாம்.

ஐ.நா. பொதுச்சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்தது. நிலத்தையும் மேய்ப்பவரையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் குழுவின் உறுப்பினர் பட்டியலில் மேய்ப்பவர் ஒருவர்கூட இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. குழி வெட்டும் பணியை உடனே நிறுத்திவையுங்கள். வெட்டிய குழி திரும்ப மூடினாலும் அறுந்த வேர் ஒட்டாது, எனவே மற்ற எதற்கும் முன் இது நடக்க வேண்டும். நிலம் முழுவதையும் ஒரே வகையில் சேர்த்த பகுதியைத் திரும்பப் பெற்று, மண், மழை, இன்று நிற்கும் இனங்கள், அரிப்பின் அறிகுறி ஆகியவற்றை நேரில் பார்த்துத் துண்டு துண்டாக மறுவகைப்படுத்துங்கள். இந்நிலம் முன்பு காடாக இருந்தது என்பதற்கு உங்களிடம் உள்ள சான்று எது என்பதைப் பொதுவில் வையுங்கள். சான்று இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள்.

ஐந்து ஆண்டு முழுத்தடைக்குப் பதிலாக, முதல் மழைக்குப் பிந்தைய வாரங்களில் ஓய்வு, விதைப் பருவத்தில் சுழற்சி முறையில் ஓய்வு, மற்ற நேரத்தில் அளவான மேய்ச்சல் என்று எழுதுங்கள். எந்த அளவுக்குத் தாள் எஞ்சினால் மந்தை வெளியேற வேண்டும் என்பதை அதில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். ஒரே தாங்குதிறன் எண்ணை நீக்கி, அந்தந்தப் பருவத்து மழைக்கும் புல்லுக்கும் ஏற்ப ஆண்டுதோறும் முடிவெடுக்கும் முறையைக் கொண்டுவாருங்கள். மந்தை செல்லும் வழிகளை வேலியில்லாமல் விடுங்கள். எல்லையைத் தாண்டிய புதர் நிலங்களுக்கு, புதர் அகற்றலும் உள்ளூர்ப் புல் விதைப்பும் கொண்ட தனித் திட்டமும் தனி நிதியும் ஒதுக்குங்கள். ஒவ்வொரு மண் வகையிலும் அடைத்த துண்டு ஒன்று, மேயும் துண்டு ஒன்று என இணையாக வைத்து, இரண்டின் கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிடுங்கள். என் பேச்சில் தவறிருந்தால் அந்தக் கணக்கு காட்டிவிடும். மேய்ப்பவர்களைக் குழுவில் சேருங்கள். வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகும் விருந்தினர்களாக அல்ல, வாக்குரிமை உள்ள உறுப்பினர்களாக.

என்னிடமுள்ள கணக்கெடுப்பு ஏடுகள் அனைத்தையும் தரத் தயாராக இருக்கிறேன். அடையாளக் கம்பு நட்ட இடத்துக்கே வந்து, எந்தத் தூர் எந்த இனம், எது குறைகிறது, எது புகுகிறது என்று காட்டவும் தயார். நாளையும் நேரத்தையும் நீங்களே குறியுங்கள். ஆனால் அது மழை தொடங்கும் முன்பாக, குழி வெட்டும் இயந்திரம் வரும் முன்பாக இருக்கட்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்பதா மறுப்பதா என்ற பதிலை, காரணத்தோடு, எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
புல்வெளிக் கணக்கெடுப்பாளன் ஒருவன்